நிரம்பி வழிந்த நினைவகம்

2014 ஆகஸ்ட் 12. உலகெங்கும் பல நெட்வொர்க்குகளில் இன்டர்நெட் திடீரென நொண்டியடித்தது. காரணம், அறுந்துபோன கேபிள் அல்ல, ரூட்டர்களின் நினைவகம்.

எந்தப் பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலுக்குப் பழைய ரூட்டர்கள் சிலவற்றின் அதிவேக சிப்பில் சுமார் 5.12 லட்சம் இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அன்று உலகப் பட்டியல் அந்த எல்லையைத் தொட்டது. இடம் கிடைக்காத வழிகளுக்கான பாக்கெட்டுகள் ரூட்டரின் மைய பிராசஸரின் தலையில் விழுந்தன. வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அது திணற, பாக்கெட்டுகள் தொலைந்தன.

மருந்து எளிது: சிப்பில் இடத்தைக் கூட்டி ஒதுக்கி, ரூட்டரை மீண்டும் இயக்குவது. தயாரிப்பாளரான சிஸ்கோ மே மாதமே எச்சரித்திருந்தது. சில நிமிடத் தடங்கலைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ரூட்டர் மந்தமானால் லைனை மட்டும் சோதித்தால் போதாது. பிராசஸரின் சுமையையும் பட்டியலின் நீளத்தையும் பார்க்க வேண்டும். முடிந்தால், மந்தமாவதற்கு முன்பே.