பேரிடர் ஆய்வும் கலைப்பிரிவு மாணவரும்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது முதுமொழி. அணை கட்டுபவர் பொறியாளர். புயலை முன்னறிவிப்பவர் வானிலை அறிஞர். ஆதலின் பேரிடர் ஆய்வு அறிவியல் மாணவர்க்கே உரியது எனக் கலைப்பிரிவு மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், உதவித்தொகையுடன் இவ்வாய்வில் ஈடுபடும் வழிகளையும் இங்குக் காண்போம்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. 2013 அக்டோபரில் பாய்லின் புயல் அதே கடற்கரையைத் தாக்கியபோது அம்மாநிலத்தில் மாண்டவர் 50க்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் வானிலைக் கணிப்பு வளர்ந்தது உண்மையே. ஆனால் ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறிப் பாதுகாப்பான இடம் சேர்ந்ததால் அன்றோ அக்கணிப்பு பயன் தந்தது! எச்சரிக்கையைக் கேட்டும் ஒருவர் ஏன் வெளியேற மறுக்கிறார்? மாட்டை விட மனமில்லையா, வீட்டுப் பொருள் களவு போகும் என்ற அச்சமா, அதிகாரிகள்மீது நம்பிக்கை இல்லையா? இவை சமூகவியல் மாணவர் ஆராய வேண்டிய வினாக்கள்.

பிற துறையினர்க்கும் பணி உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளின் உடைமையாளர் கடனிலிருந்து மீண்ட வரலாற்றைப் பொருளியல் மாணவர் ஆராயலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் ஏரி வாரியத்தை வரலாற்று மாணவர் ஆராயலாம். கொண்டல், கச்சான், வாடை என மீனவர் வழங்கும் காற்றுப் பெயர்களையும் அவற்றில் பொதிந்த பட்டறிவையும் தமிழ் மாணவர் தொகுக்கலாம்.

இனி, பொருளுதவி பற்றிப் பார்ப்போம். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை எழுதலாம். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. 2023 ஜனவரி முதல் இத்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் ரூ. 37,000 எனவும், பின்னர் முதுநிலையில் ரூ. 42,000 எனவும் உயர்த்தப்பட்டது. மொத்தம் 5 ஆண்டுகள் பெறலாம்.

1969இல் நிறுவப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, முனைவர் பட்ட ஆய்வுக்கும் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுக்கும் உதவித்தொகைகள் வழங்குகிறது. அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டம் பெற்றோர்க்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் 2 ஆண்டு உதவித்தொகை உண்டு.

விண்ணப்பிக்குமுன் மூன்றைக் கருத்தில் கொள்க. ஆய்வுப் பொருள் குறுகியதாக இருக்கட்டும்; "தமிழகப் புயல்கள்" என்பதைவிட ஒரு புயல், ஓர் ஊர், ஒரு வினா என்பது நன்று. அப்பொருளில் தோய்ந்த நெறியாளரை முன்கூட்டியே நாடுக. உதவித்தொகை சில வேளை காலந்தாழ்ந்து வருமாதலின், முதற்சில மாதச் செலவுக்கு வழி வகுத்துக்கொள்க.

"படித்தது போதும், சம்பாதிக்க வழி பார்" என்னும் குரல் நம்மில் பலர் வீட்டில் கேட்பதே. அது வறுமையின் குரல். அதைப் பழித்தல் ஆகாது. ஆய்வு செய்துகொண்டே இல்லத்திற்கும் உதவ முடியும் என்பதே அதற்கு நாம் தரும் விடை. புயலில் கூரை இழந்த குடிசையிலிருந்து வந்த மாணவர்க்குத் தெரிந்தவை பல, நூலகத்தில் கிடைப்பதில்லை. அவ்வறிவு ஆய்வாக மலர்ந்தால், அடுத்த புயலில் சில உயிர்களேனும் பிழைக்கும். மாணவ நண்பர்களே, முயலுங்கள்!