தங்கக்கட்டி தெரியும்... வலிக்காத கட்டி தெரியுமா?

புளியங்குடி: கடையில் விற்கும் சிக்கன் ‘நகெட்’ வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ‘கட்டி’தான். மண்ணில் கிடைக்கும் தங்கக்கட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். நம்மிடம் வெல்லம், பெருங்காயம், ஐஸ் எல்லாமே கட்டி. கருப்பட்டியே ‘கருப்புக்கட்டி’யின் சுருக்கம்தான். பிள்ளையைக் கொஞ்சினாலும் “என் தங்கக்கட்டி”!

உடம்பில் வருவதுதான் வில்லங்கம். எலுமிச்சைக்குப் பேர்போன இந்த ஊரில், நகச்சுத்து வந்தால் விரலில் பழத்தைச் சொருகிக்கொள்வார்கள். உள்ளே சீழ் கட்டிவிட்டால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அடிக்கடி கட்டி வந்தால் சர்க்கரையும் பார்க்கணும்.

வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடும் சனம், வலிக்காததை “சும்மா கொழுப்புக்கட்டி” என்று விட்டுவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மார்பு, அக்குள், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள்.