மைக்ரோநெக்டா ஸ்கோல்ட்சி

மைக்ரோநெக்டா ஸ்கோல்ட்சி என்பது ஐரோப்பாவின் குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் மிகச்சிறிய நீர்ப்பூச்சி இனமாகும். இதன் உடல் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மட்டுமே. ஆண் பூச்சி நீருக்குள் எழுப்பும் உரத்த ஒலியால் இது பெயர் பெற்றது. இதே பேரினத்தின் பிற இனங்களும் இதைப் போலவே தோற்றமளிப்பதால், அளவையும் நிறத்தையும் மட்டும் கொண்டு இதை உறுதியாக அடையாளம் காண இயலாது.

வகைப்பாடு

இப்பூச்சி ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்தது. மூட்டைப்பூச்சியும் நெற்பயிரைத் தாக்கும் கதிர் நாவாய்ப்பூச்சியும் இதே வரிசையில் அடங்கும். இவ்வரிசையின் நீர்வாழ் பூச்சிகள் பல நெப்போமார்ஃபா என்னும் உள்வரிசையில் வைக்கப்பட்டுள்ளன.

ஸ்கோல்ட்சி இனத்தை 1860ஆம் ஆண்டில் ஃபீபர் விவரித்தார். மைக்ரோநெக்டா என்னும் பேரினத்தை கிர்கால்டி 1897இல்தான் உருவாக்கினார். இனம் பின்னர் இப்பேரினத்துக்கு மாற்றப்பட்டதால், அறிவியல் பெயருடன் ஃபீபரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. கிரேக்க வேர்ச்சொற்களின்படி பேரினப் பெயருக்குச் 'சிறிய நீச்சல்காரர்' என்பது பொருள்.

இப்பேரினம் நெடுங்காலம் கோரிக்சிடே குடும்பத்தின் ஒரு துணைக்குடும்பத்தில் இருந்தது. 2002இல் நீசர் அத்துணைக்குடும்பத்தை மைக்ரோநெக்டிடே என்ற தனிக் குடும்பமாக உயர்த்தினார்.

அடையாளம் காணல்

அடையாளம் காண்பது படிப்படியாக நடைபெறுகிறது.

1. நீந்தும் முறை: மைக்ரோநெக்டா முதுகு மேலே இருக்க நீந்தும். ஏறத்தாழ இதே அளவுடைய பிளியா மினுட்டிசிமா என்னும் பூச்சி வயிறு மேலே இருக்கத் தலைகீழாக நீந்தும். அதன் முதுகும் நன்கு குவிந்திருக்கும்.

2. வளர்ச்சி நிலை: கோரிக்சிடே குடும்பத்தின் பெரிய பூச்சிகளுடைய இளம் உயிரிகளும் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கக்கூடும். முழுமையாக வளர்ந்த இறக்கைகள் இருந்தால் அது முதிர்ந்த பூச்சி. இளம் உயிரியில் இறக்கை மொட்டுகளே காணப்படும்.

3. குடும்பம்: மைக்ரோநெக்டிடேயில் இறக்கைகளின் அடிப்பகுதிக்கு இடையே சிறிய முக்கோணத் தகடு வெளியே தெரியும். உணர்கொம்பில் மூன்று கணுக்கள் இருக்கும். கோரிக்சிடேயில் பொதுவாக அத்தகட்டை முன்மார்பின் முதுகுத் தகடு மறைத்திருக்கும். உணர்கொம்பில் நான்கு கணுக்கள் இருக்கும்.

4. இனம்: இதற்கு ஆண் பூச்சி தேவை. வயிற்றின் நுனிப்பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்பின் இணையுறுப்புகளுடைய வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிடுவர். பெண் பூச்சிகள் மட்டும் கிடைத்தால் 'மைக்ரோநெக்டா இனம்' என்று பேரின அளவில் பதிவு செய்து நிறுத்துவதே பாதுகாப்பானது. ஊகித்து எழுதும் இனப்பெயர், ஒரு நீர்நிலையில் எந்த உயிரினம் வாழ்கிறது என்ற பதிவையே பிழையாக்கிவிடும்.

ஒலி

இனத்தைப் பிரித்தறிய உதவும் அதே இணையுறுப்பே இப்பூச்சியின் இசைக்கருவியாகவும் இருக்கிறது. ஆண் பூச்சி அதை வயிற்றுப் பகுதியில் உள்ள வரிமேட்டின் மீது உரசி ஒலி எழுப்புகிறது. உரசும் பகுதியின் நீளம் சுமார் 50 மைக்ரோமீட்டர்தான்.

பிரான்சையும் ஸ்காட்லாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்களான ஜெரோம் சூயர், டேவிட் மெக்கி, ஜேம்ஸ் வின்ட்மில் ஆகியோர் இவ்வொலியை அளந்து 2011இல் வெளியிட்டனர். ஒரு மீட்டர் தொலைவுக்குக் கணக்கிட்டபோது அதன் உச்சம் 99.2 டெசிபெல்லாகவும் சராசரி 78.9 டெசிபெல்லாகவும் இருந்தது. உடல் அளவோடு ஒப்பிட்ட விலங்குகளில் இதுவே மிக உரத்த ஒலி எனக் கண்டறியப்பட்டது. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒலியின் பெரும்பகுதி இழக்கப்பட்டாலும், கரையில் நிற்பவருக்கு அது கேட்கும். பெண் பூச்சிகளைக் கவர்வதற்காக ஆண்களிடையே நிலவும் போட்டியே இவ்வளவு உரத்த ஒலி தோன்றக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

மைக்ரோநெக்டா இனங்களுக்கிடையே ஒலியின் அமைப்பு வேறுபடுகிறது. ஆகவே பூச்சியைக் கொல்லாமல், நீருக்கடியில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்வதும் அடையாளம் காண்பதற்குத் துணையாகிறது.