கடலில் இருக்கும் ஓட்டை கரை சேர்ப்பது யார்?

மைக்கும் கொடியும் மட்டும் போதாது. பட்டியல் பிடிக்கும் ஊர்க்காரத் தொண்டர் தேவை!

முட்டம் என்றதும் சினிமா ரசிகர்களுக்கு 1981-ல் வந்த "அலைகள் ஓய்வதில்லை" படம் ஞாபகத்துக்கு வரும். பாறை, அலை, கலங்கரை விளக்கம் எல்லாம் கண்முன் நிற்கும்.

அரசியல் கட்சிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது வேறு. அது ஓட்டு!

தேர்தல் வந்தால் போதும். ஜீப் வரும், மைக் வரும், தலைவர் வருவார். மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று கும்பிடு போடுவார். போட்டோ எடுத்துக் கொள்வார். போய் விடுவார்.

ஆனால் பண பலம் இல்லாத ஒரு முற்போக்கு வேட்பாளர் இந்தக் கரையோரத்தில் நின்றால், அவரைக் கரை சேர்ப்பது யார்? சம்பளம் வாங்காமல், பிரியாணி பொட்டலம் எதிர்பாராமல், வீடு வீடாக ஏறி இறங்கும் ஊர்க்காரத் தொண்டர்தான்.

"ஒரு ஆள் நடந்து என்ன ஆகப் போகுது?" என்று கேட்பவர்கள் பக்கத்து மாவட்டத்துக் கதையைக் கேட்க வேண்டும்.

49 ஓட்டு!

நெல்லை மாவட்டம் ராதாபுரம் தொகுதி. 2016 சட்டசபைத் தேர்தல். அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரைக்கு 69,590 ஓட்டு. தி.மு.க. வேட்பாளர் அப்பாவுக்கு 69,541 ஓட்டு. வித்தியாசம் வெறும் 49!

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ணும்படி 2019-ல் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. முடிவை அறிவிக்க சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அதற்குள் அந்த சட்டசபையின் காலம் பெரும்பகுதி ஓடி விட்டது.

49 ஓட்டு என்றால் எவ்வளவு? பத்து வல்லத்தில் கடலுக்குப் போகும் ஆட்கள், அவ்வளவுதான்!

சென்னையிலும் இதே கதைதான். 2021-ல் தியாகராயநகர் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 137 ஓட்டு.

போராட்டக் கூட்டமும் ஓட்டும்

அதே 2016-ல், அதே ராதாபுரத்தில் இன்னொருவரும் நின்றார். கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப.உதயகுமார். பச்சைத் தமிழகம் கட்சி சார்பில் போட்டியிட்டார். அதற்கு முன்பு 2014 பாராளுமன்றத் தேர்தலில் கன்னியாகுமரி தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்றவர் அவர். இரண்டிலும் வெற்றி கிடைக்கவில்லை.

இடிந்தகரைப் பந்தலில் மீனவப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்ததை உலகமே பார்த்தது. ஆனால் போராட்டப் பந்தலுக்கு வரும் கூட்டம், அப்படியே ஓட்டுச்சாவடிக்கு வந்து விடுவதில்லை. பந்தலுக்கும் சாவடிக்கும் நடுவே ஒரு நீண்ட வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு மாலை கிடையாது, போஸ்டரும் கிடையாது.

கடல் போட்ட முட்டுக்கட்டை

கரையோரத்தில் இந்த வேலை இன்னும் கஷ்டம். காரணம், கடல்!

குமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு வகை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல் உள்ள மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருவது வழக்கம். 2011-ல் ஏப்ரல் 13, 2016-ல் மே 16, 2021-ல் ஏப்ரல் 6. அதாவது, மே மாதம் ஓட்டுப்பதிவு என்றால் கிழக்குக் கரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். முட்டம் பக்கத்துப் படகுகளோ தொழிலில் இருக்கும்!

கடலுக்குப் போன மீனவருக்கு தபால் ஓட்டு கிடையாது. கொச்சி, மங்களூர் என்று வெளித் துறைமுகங்களில் தங்கித் தொழில் செய்பவர்கள் வந்தால்தான் ஓட்டு. அரபு நாட்டில் இருப்பவர் 6-ஏ படிவத்தில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும்.

ஆகவே தொண்டர் போய் நிற்க வேண்டிய இடம் வீட்டு வாசல். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அக்கா, அண்ணன் எப்ப கரைக்கு வருவாவ? ஓட்டுக்கு முந்தின நாள் வந்திருவாவளா?"

இந்தக் கேள்வியை வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும் ஆளால் கேட்க முடியுமா?

பெயர் இருக்கா, இல்லையா?

ஆள் வந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் நடந்தது. டிசம்பர் 19-ந் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். மாதக்கணக்கில் கடலிலும் வெளித் துறைமுகத்திலும் கிடக்கும் மீனவனுக்கு இது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பெயர் சேர்க்க 6-ம் படிவம். நீக்கச் சொல்லவும், சேர்ப்பதை ஆட்சேபிக்கவும் 7-ம் படிவம். திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் 8-ம் படிவம். இந்த மூன்றையும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியரோ, கல்லூரி மாணவியோ தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். நூறு சுவர் விளம்பரத்துக்குச் சமம்!

கரையோர மக்களுக்கு பட்டியல் எடுப்பது புதிதல்ல. 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது, யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்ற கணக்கை ஊர் ஊராக, பங்கு பங்காக எடுத்தவர்கள் அவர்கள்தானே!

உண்டியலா, கவரா?

செலவுக்கு என்ன வழி?

சட்டசபை வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் தேர்தல் கமிஷன் உச்சவரம்பை உயர்த்தியது. வசதி படைத்தவர்களுக்கு அது கைச்செலவு. கூலிக்காரருக்கு அது கனவு.

கள்ளப் பணம் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்து விட்டது. பணப் பட்டுவாடா காரணமாக 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை கமிஷன் நிறுத்தியது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது.

இதற்கு மாற்று, கம்யூனிஸ்டு தோழர்கள் குலுக்கும் உண்டியல். கடை கடையாக, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக, ஐந்தும் பத்துமாகச் சேர்க்கும் காசு. ஐந்து ரூபாய் போட்டவன், அந்த வேட்பாளரை தன் ஆள் என்று நினைக்கிறான். ஐந்நூறு ரூபாய் வாங்கியவன், கணக்கு முடிந்தது என்று நினைக்கிறான். வித்தியாசம் அங்கேதான்!

குடிசை வீட்டுக்காரரான மாரிமுத்து, 2021-ல் திருத்துறைப்பூண்டியில் இந்திய கம்யூனிஸ்டு வேட்பாளராக ஜெயித்து சட்டசபைக்குப் போனார். கூட்டணி பலம் இருந்தது உண்மை. கூட்டணி ஓட்டையும் ஒருவர் வீட்டு வாசலில் போய்த்தான் கேட்க வேண்டும்.

குமரிக்குப் புதிதல்ல

இந்த மண்ணுக்கு இதெல்லாம் பழக்கமான சங்கதி.

நாஞ்சில் நாட்டு பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, 1952-ல் சென்னை வண்ணாரப்பேட்டையில் நின்று சட்டசபை உறுப்பினரானார். தொழிலாளர் பேட்டையின் உழைப்பு அவருக்குத் துணை நின்றது.

குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1952-ல் 8 இடங்களையும், 1954-ல் 12 இடங்களையும் பிடித்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழகத்தோடு இணைந்ததற்கு அந்த ஓட்டுகளும் ஒரு சாட்சி.

அடுத்த ஆண்டே, 1957-ல், குளச்சல் தொகுதியில் வென்று காமராஜர் மந்திரிசபையில் மீன்வளத்தையும் உள்ளாட்சியையும் கவனித்தவர் லூர்தம்மாள் சைமன்.

2006-ல் விளவங்கோட்டில் ஜான் ஜோசப்பும், திருவட்டாரில் லீமா ரோசும் மார்க்சிஸ்டு கட்சி சார்பில் வென்றார்கள். 2024 விளவங்கோடு இடைத்தேர்தலில் வென்ற காங்கிரசின் தாரகை கத்பர்ட் மீனவ சமுதாயத்துப் பெண்.

ஓட்டுப்பதிவு நாளில்...

கடைசி நாள்தான் தொண்டருக்குப் பரீட்சை.

காலையில் மாதிரி ஓட்டுப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டு எந்திரத்தைச் சரி பார்ப்பார்கள். நேரத்துக்குப் போகாத பூத் ஏஜெண்டு, அதைப் பார்க்க முடியாது.

அடுத்தது கள்ள ஓட்டு. கடலில் இருப்பவர் ஓட்டை, கரையில் இருக்கும் வேறொருவர் போட வந்தால்? இங்கேதான் உள்ளூர் ஏஜெண்டு தேவை. "இந்த ஆளு போன வாரமே கடலுக்குப் போயாச்சு சார்! இது வேற ஆளு!" என்று அவரால்தான் சொல்ல முடியும். 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்க சட்டத்தில் இடம் உண்டு. தன் ஓட்டை வேறு யாரோ போட்டு விட்டதாகக் கண்டவர், டெண்டர் ஓட்டு கேட்கலாம்.

சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. வண்டி பிடித்து வாக்காளரை இலவசமாக ஏற்றி வருவதும் குற்றம். கிழவியைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டி வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது!

மாலையில் 17-சி படிவம். எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கு அதில் இருக்கும். அதன் நகலை கையில் வாங்காமல் ஏஜெண்டு எழுந்திருக்கக் கூடாது. ஓட்டு எண்ணும் மேஜையில் அந்தத் தாள்தான் ஆயுதம்.

ஜெயித்த பிறகு?

ஓட்டு எண்ணி முடிந்ததும் தொண்டரின் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை.

கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு, காணாமல் போன மீனவனைத் தேட வேகமான ஏற்பாடு, மீன் விற்கப் போகும் பெண்களுக்கு பஸ்சில் மரியாதையான இடம். இவற்றைக் கேட்க, காசு வாங்காத தொண்டனுக்குத்தான் வாய் உண்டு. கவர் வாங்கியவன் வாயைத் திறந்தால், "அதான் கொடுத்தாச்சே!" என்று பதில் வரும்.

தொகுதிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு தடவை தேர்தல். கடலுக்கு தினமும் தேர்தல். தினமும் கடலோடு மோதித் திரும்புகிற ஊருக்கு, நாலு தெரு நடந்து ஒரு பட்டியலைச் சரி பார்ப்பது பெரிய காரியமா என்ன?