வெளியூர் ஊழியத்துக்குப் போகும் குடும்பம்: மேடையில் சொல்லாத அன்றாடக் கதை

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர். ஆதிநாதர் கோயிலில் உறங்காப்புளியை இன்றைக்கும் பார்க்கலாம். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஸ்டேஷன் போர்டு வரும்: நாசரேத்! ஆழ்வார் ஊருக்கும் இயேசு வளர்ந்த ஊரின் பெயருக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்டாப்தான் தூரம்.

இந்தப் பக்கத்து கிறிஸ்தவ வீடுகளில் "எங்க சித்தப்பா குடும்பம் குஜராத்துல ஊழியத்துல இருக்கு", "அத்தை ஜார்க்கண்ட்ல இருக்காங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அந்தக் குடும்பம் லீவில் ஊருக்கு வந்தால், ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிடம் பேசுவார்கள். நாம் காணிக்கை போடுவோம். அதோடு சரி.

அவர்கள் அங்கே காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்? பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆனால், வேற்று மக்கள் நடுவே ஒரு குடும்பம் நிலைக்குமா, இரண்டு வருடத்தில் பெட்டியைக் கட்டிவிடுமா என்பதை முடிவுசெய்வது இந்தக் கேள்விகள்தான்.

மணி அடித்தவரும் மொழி படித்தவரும்

முதலில், இங்கே வந்தவர்களிடமிருந்து தொடங்கலாம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார் பிரான்சிஸ் சவேரியார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சொன்னதை அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஆனால், அவர்கள் பதிலுக்கு ஏதாவது கேட்டால்? அங்கேதான் சிக்கல்.

அவருக்குப் பின்னால் வந்த அன்றீக் அடிகளார் வேறு வழியைப் பிடித்தார். ஆழ்வார்திருநகரியைத் தொட்டு ஓடும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறதே புன்னைக்காயல், அங்கேயே தங்கித் தமிழை இலக்கணத்தோடு படித்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில், இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான்.

மனப்பாடம் செய்த மொழியில் நீங்கள் பேச மட்டும்தான் முடியும். கற்றுக்கொண்ட மொழியில்தான் கேட்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணக் கடனைப் பற்றிப் புலம்பும்போது காது கொடுத்துக் கேட்க, ஜெபம் மட்டும் தெரிந்தால் போதாதே!

300 வருடம் கழித்து இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அவரை எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி எலைசாவைத் தெரியுமா? நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. 1844-ல் கல்யாணம். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஊர்ப் பெண்கள் கையில் சொந்தமாக நாலு காசு புரண்டது. இலக்கணம் எழுதியவர் பெயர் புத்தகத்தில் நின்றது. பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசியவர் பெயரைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து போன குடும்பம்

இப்போது திசையைத் திருப்புவோம். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு கிராமம். 1874-ல் அங்கே ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி ஆள் அனுப்பி வேலை செய்வதைப் பார்த்தார். 'நாம் மட்டும் ஏன் வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று காத்திருக்கிறோம்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்த வருடமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பதுதான் அதன் விதி.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல். இன்றைக்குத் தெலங்கானாவில் ஒரு ரயில் ஜங்ஷன். அன்றைக்கு நம் ஆட்களுக்கு அது ஏறக்குறைய வெளிநாடு. ராஜா வேறு, ரூபாய் வேறு, தபால்தலை வேறு, பேச்சும் வேறு.

ஆள் அனுப்பியதோடு அசரியா நிற்கவில்லை. 1909-ல் நல்ல வேலையை விட்டுவிட்டு, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தானே கிளம்பினார். ஆரம்பத்தில் அங்கே கூடாரம்தான் வீடு. சுற்றிலும் காடு. தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படித்து, தெலுங்கிலேயே பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்தார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். 1945 ஜனவரி 1-ம் தேதி காலமாகும்வரை அதே ஊர்தான். அன்பு அம்மாள் பெண்களை ஒன்றுசேர்த்து அன்னையர் சங்கப் பணியை வளர்த்தார்.

முதல் பரீட்சை அடுப்படியில்

தூத்துக்குடிக்கரைக் குடும்பம் ஒன்று தெலங்கானா கிராமத்துக்குக் குடிபோனால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். அரைத்த தேங்காய் இல்லாமல் நமக்குக் குழம்பு கிடையாது. அங்கே தேங்காய் அருமை. கடல் மீனுக்கும் கருப்பட்டிக்கும் வழியில்லை. அங்கே சோள ரொட்டி, புளிச்சகீரை, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்க்காரம்.

வார்த்தைகளும் காலை வாரும். 'பச்சடி' என்றால் நமக்குத் தயிர்ப்பச்சடி. அவர்களுக்கோ அது காரசாரமான துவையல். 'கூர' என்றால் வீட்டுக் கூரை அல்ல, தொட்டுக்கொள்ளும் கறி. இந்தத் தடுமாற்றம் முழுவதும் விழுவது வீட்டுப் பெண்ணின் தலையில்தான். கணவர் கூட்டத்துக்குப் போய்விடுவார். கடையில், கிணற்றடியில், ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டு முழிப்பது அவர்தான்.

ஆனால், கவனியுங்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் "இதை எப்படிங்க செய்யுறது?" என்று கேட்கும் நிமிடத்தில்தான் கதவு திறக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்தவர் கற்றுக்கொள்ள வந்தவராக மாறுகிறார். கொடுக்கிற கை மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் யாரும் சகஜமாக நுழைய மாட்டார்கள்.

மாதச் செலவும் பிடி அரிசியும்

சரி, பணம்? நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், 'பிடி அரிசி' பற்றிச் சொல்வார்கள். தினமும் உலை வைக்கும்போது பானையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. வாரக் கடைசியில் அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுப்பது. கூலி வேலை செய்யும் வீட்டிலும் இது நடந்தது. ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டோ ஒரு சேவலோ ஏலத்தில் நாலு மடங்கு விலைக்குப் போவதும் இதே கணக்குதான். இப்படிச் சேர்ந்த சிறு காசுகளில்தான் வெளியூர் ஊழியங்கள் நடந்தன.

அதனால் ஒரு சுமையும் உண்டு. பிடி அரிசியில் வந்த பணம் என்று தெரிந்தபின், ஒரு நல்ல சேலை எடுக்கவே கை கூசும். "ஊழியக்காரங்க வீட்ல ஏ.சி. எதுக்கு?" என்று நாமே கேட்டும்விடுவோம். நாக்பூர் வெயிலில் நாம் ஒரு மதியம் படுத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது.

பிள்ளைகள் எந்த ஊர்க்காரர்கள்?

இருப்பதிலேயே கடினமான பகுதி இது. பழங்குடி கிராமத்தில் வேலை செய்யும் பெற்றோருக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்காது. ஐந்தாறு வயதில் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் பல குடும்பங்களுக்கு வருகிறது. டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா, வட மாநிலங்களில் பணிசெய்யும் மிஷனரிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. அப்பா அம்மா வடக்கே, பிள்ளை டோனாவூரில். நடுவே இரண்டு, மூன்று நாள் ரயில் பயணம்.

ஊர் பொருத்தத்தைப் பாருங்கள். அதே டோனாவூரில்தான் அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வீடு அமைத்தார். 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. அது அவராக எடுத்த முடிவு. ஆனால், விடுதியில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையிடம் யாரும் முடிவு கேட்பதில்லையே! லீவுக்கு வந்தால் தாத்தா பாட்டி பேசும் நெல்லைத் தமிழ் பாதி புரியாது. பெற்றோர் இருக்கும் ஊரில் நண்பர்கள் இல்லை. "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் விழிக்கும். தியாகம் என்ற சொல்லை மேடையில் சொல்லும்போது, அதில் பாதிக்குமேல் இந்தப் பிள்ளைகள் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

உதவியா, சிநேகமா?

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார் அசரியா. எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தியர்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் பணம் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள். இந்தியரைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிடாத மிஷனரிகளின் காலம் அது. அரங்கில் பலருக்குச் சுருக்கென்று தைத்தது.

அசரியாவும் கேள்விகளைச் சந்திக்காமல் இல்லை. 1930-களில் கூட்டம் கூட்டமாக நடந்த மதமாற்றங்களை காந்தி கடுமையாக விமர்சித்தபோது, மறுபக்கம் நின்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். அவர்கள் தேடியது மரியாதை என்பது அவர் தரப்பு. ஏழ்மையைச் சாக்காக வைத்து மதம் மாற்றலாமா என்பது எதிர்த்தரப்பு. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. அதனால்தான் 'நண்பராக இருக்கிறேனா, ஆள் பிடிக்கிறேனா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத எந்தக் குடும்பத்தையும் ஊர் நம்புவதில்லை.

தாய்லாந்து போனாலும் இதே கதைதான்

இன்றைக்கு ஒரு குடும்பம் சேவை செய்ய தாய்லாந்துக்குப் போகிறது என்று வையுங்கள். விமானத்தில் சில மணி நேரம். வாட்ஸ்அப்பில் தினமும் அம்மா முகம் பார்க்கலாம். ஆனாலும் பரீட்சை அதேதான். தாய் மொழியில் ஐந்து தொனிகள். 'மா' என்பதைச் சமமாகச் சொன்னால் 'வா', ஏற்றிச் சொன்னால் குதிரை, இழுத்து உயர்த்தினால் நாய்! மரியாதையும் தனி ரகம். பாசத்தில்கூட ஒருவர் தலையைத் தொடக் கூடாது, காலை யார் பக்கமும் நீட்டக் கூடாது, பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது. செருப்பை வாசலில் விடுவது மட்டும் நம் ஊர் மாதிரியே.

ஒரு முக்கியமான விஷயம்: சம்பளம் வாங்காத சேவைதானே என்று டூரிஸ்ட் விசாவில் கிளம்பிவிடாதீர்கள். அங்கே தன்னார்வப் பணியும் சட்டப்படி வேலைதான். உரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேசி முடிவெடுங்கள். மொழி படிக்க முதல் வருடம் முழுவதையும் ஒதுக்குவோமா? பிள்ளைகள் நம்மோடு இருப்பார்களா, எங்கே படிப்பார்கள்? முடியவில்லை என்று மனைவியோ பிள்ளையோ சொன்னால், வெட்கப்படாமல் திரும்பி வருவோமா? மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல முடிந்த குடும்பங்களுக்குப் போகும் தைரியமும் இருக்கும்.

ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை அந்தக் குடும்பம் லீவில் வந்தால், "எத்தனை பேர் சபைக்கு வந்தாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேங்காய் அரைத்த மீன் குழம்பு வையுங்கள். அக்காவிடம் "அங்க உங்களுக்குப் பேச்சுத்துணை யாரு?" என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை சொல்லித் தரச் சொல்லுங்கள். காணிக்கைக் கவரில் வைத்துக் கொடுக்க முடியாதது இது. அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான்.