பஞ்ச காலத்தில் எழுந்த மேடக் கற்கோயில்

பெங்களூரின் பழைய தேவாலயங்களுள் சில இராணுவக் குடியிருப்பின் தேவைக்காக எழுந்தவை. 1812-இல் கட்டி முடிக்கப்பெற்ற செயின்ட் மார்க் தேவாலயமும், 1851-இல் நிறைவுற்ற ஹோலி டிரினிட்டி தேவாலயமும் ஆங்கிலப் படையினரின் வழிபாட்டுக்கென அமைக்கப்பெற்றன. தக்காணத்தின் மற்றொரு பகுதியில், அந்நாளைய ஐதராபாத் சமஸ்தானத்துச் சிற்றூராகிய மேடக்கில் எழுந்த கற்கோயிலின் வரலாறோ வேறு வகையானது. இவ்வூர் இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இவ்வட்டாரத்தைப் பஞ்சம் வாட்டியது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த சார்லஸ் வாக்கர் பாஸ்னெட், கிராம மக்களுக்குக் கட்டடப் பணி அளித்து, அவர்தம் உழைப்புக்கு ஈடாக உணவு வழங்கினார். 1914-இல் தொடங்கிய வேலை பத்து ஆண்டுகள் நீடித்தது. 1924 டிசம்பர் 25 அன்று பேராலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

கட்டடம் காதிக் பாணியைச் சேர்ந்தது. நீளம் 200 அடி. அகலம் 100 அடி. கோபுரத்தின் உயரம் 175 அடி. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடி வழிபடலாம். கூர்முனை வளைவுகள் மேற்கூரையின் பளுவைத் தூண்களுக்குக் கடத்துகின்றன. சுவர்கள் முழுப் பளுவையும் தாங்க வேண்டியதில்லை. ஆதலின் பெரிய சாளரங்களுக்கு இடம் கிடைக்கிறது.

அச்சாளரங்களே இங்குள்ள ஓவியக் கலையின் சிகரம் எனலாம். ஆங்கில ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரி வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் மூன்று உள்ளன: இயேசுவின் விண்ணேற்றம் (1927), பிறப்பு (1947), சிலுவைப்பாடு (1958). வெளியிலிருந்து ஊடுருவும் பகலொளியாலேயே இவற்றின் உருவங்கள் துலங்குகின்றன. இருள் சூழ்ந்ததும் மறைந்துவிடுகின்றன.

பஞ்ச நிவாரணத்தை உழைப்புடன் இணைக்கும் முறை பின்னாளில் அரசின் கொள்கையிலும் இடம்பெற்றது. 1977-இல் வேலைக்கு உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய பணிகளில், வேலை நாள்களின் எண்ணிக்கையோடு, உருவாகும் சொத்தின் தரமும் கருதப்பட வேண்டும். கரை உறுதியற்ற குளமும் முதல் மழையில் அரிக்கப்படும் சாலையும் மக்களின் உழைப்பை வீணாக்குவன. நல்ல வரைபடம், தேர்ந்த கைவினைஞரின் வழிகாட்டல், தொடர்ந்த பராமரிப்பு ஆகிய மூன்றும் அமைந்தால், பசி தீர்க்கத் தொடங்கிய வேலையும் நூறாண்டு நிலைக்கும் என்பதற்கு மேடக் சான்றாக விளங்குகிறது.