போட்டியும் நடுவரும்

பள்ளி மாணவர்களின் கலைப்போட்டி ஒன்று முடிந்து, பரிசு பெற்றோரின் பெயர்கள் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட மறுகணமே அரங்கின் பின்வரிசைகளில் எழும் முணுமுணுப்பு, பெரும்பாலும் நடுவரின் நேர்மையைப் பற்றியதாகவே இருக்கிறது. பாரபட்சம் உடைய நடுவர்களே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அப்பழுக்கற்ற மூன்று வித்துவான்களை அழைத்து உட்காரவைத்தாலும், போட்டியை நடத்துகிறவர்கள் முன்யோசனையின்றிச் செய்துவிடும் சில ஏற்பாடுகளால் அவர்களுடைய தீர்ப்பு கோணிப்போகக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விஷயத்தில் நம் அண்டை மாநிலமாகிய கேரளம் பெற்றிருக்கும் அனுபவம் விசேஷமானது. 1957-இல் எர்ணாகுளத்தில் சில நூறு மாணவர்களோடு எளிமையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே வாய்ப்பாட்டில் யேசுதாஸையும் மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனையும் முதற்பரிசுக்கு உரியவர்களாகக் கண்டெடுத்த அந்தப் பள்ளிக் கலோற்சவம், இன்று 200-க்கு மேற்பட்ட இனங்களில் பல்லாயிரம் பிள்ளைகள் பங்குகொள்வதும், முதலிடம் பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் பொற்கிண்ணம் வழங்குவதுமான மகோற்சவமாகிவிட்டது. விழா வளர வளர வழக்கும் வளர்ந்தது. 1986-இல், அதிகப் புள்ளிகள் பெறும் மாணவிக்குக் கலாதிலகம் என்றும் மாணவனுக்குக் கலாபிரதிபா என்றும் பட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. (முதல் கலாபிரதிபாவான வினீத் பின்னாளில் தமிழ்ப் படங்களிலும் பெயர் பெற்றார்.) பட்டத்தின் பின்னால் சினிமா வாய்ப்பும், மேடைத் தேர்ச்சியின் பின்னால் பள்ளியிறுதிப் பரீட்சைக்கான கிரேஸ் மார்க்கும் வந்து சேர்ந்தபோது, தோற்ற பிள்ளையின் பெற்றோர் வாளாவிருப்பார்களா? மாவட்ட அளவில் இடம் கிட்டாதோர் அப்பீல் குழுவிடமும், அங்கும் திருப்தியடையாதோர் நீதிமன்றங்களிடமும் ஆணை பெற்று மாநில மேடைக்கு வந்தார்கள். அதனால் போட்டியாளர் தொகை பெருகி, நிகழ்ச்சிகள் நள்ளிரவையும் கடந்து நீண்டன. அரைத்தூக்கத்தில் இருக்கும் நடுவரிடம் நுட்பமான தீர்ப்பை யார் எதிர்பார்க்க முடியும்?

இந்நிலைக்குக் கேரளம் கண்ட பரிகாரங்களுள் சிரேஷ்டமானது, நடுவர்மீது வைத்த கண்காணிப்பு அன்று, பரிசின் கனத்தைக் குறைத்ததே என்பது என் அபிப்பிராயம். 2006 வாக்கில் அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. குறித்த தரத்தை எட்டிய அனைவருக்கும் ஒரே கிரேடு என்ற முறை நிலைபெற்றது. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவரைச் சிகரத்திலும் மற்றொருவரைப் பள்ளத்திலும் நிறுத்த வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கினால், நடுவரை வசப்படுத்தும் ஆசையும் பாதி நீங்கிவிடும். கிரேஸ் மார்க் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை மறுபாதி நீங்காது என்பதும் உண்மையே.

இனி, நேர்மையான நடுவரையும் வழுக்கிவிழச் செய்யும் இரண்டு காரியங்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும். முதலாவது, மேடையேறும் வரிசை. பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடைபெறும் ராணி எலிசபெத் சங்கீதப் போட்டி உலகப் பிரசித்தி பெற்றது. அதன் இறுதிச் சுற்றில் நாளுக்கு இருவராக ஆறு நாட்கள் பன்னிரண்டு பேர் வாசிப்பதும், எவர் எந்நாளில் வாசிப்பது என்பதைக் குலுக்கலே தீர்மானிப்பதும் நெடுநாளைய வழக்கம். அப்படியானால் நாளுக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாதல்லவா? ஆயினும், பல ஆண்டு முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்து 1996-இல் கட்டுரை வெளியிட்ட ஃப்ளோரஸ், கின்ஸ்பர்க் என்னும் இருவர், முதல் நாளில் வாசித்தோருக்கு முன்னிடம் கிட்டுவது அரிதாகவும், பிந்திய நாட்களில் வாசித்தோருக்கு வாய்ப்பு மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார்கள். இறுதிச் சுற்றுக்கென்று புதிதாக இயற்றப்பட்ட உருப்படியொன்றை அனைவரும் வாசித்தாக வேண்டும். அது முதல் நாளில் நடுவர்களின் செவிக்கும் புதிதாயிருந்து, நாட்கள் செல்லச் செல்லப் பழகி இனிக்கத் தொடங்குகிறது என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. குலுக்கல் சூதை ஒழிக்குமேயன்றி இந்தக் குறையை ஒழிக்காது. ஆகவே போட்டி தொடங்குமுன், பரிசுக்குப் போட்டியிடாத ஒருவரைப் பாடவோ ஆடவோ செய்து, நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் இட்டு, பிறகு ஒப்பிட்டுப் பேசிக்கொள்ளும்படி அமைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, கூட்டல் கணக்கு. பாட்டுப் போட்டியொன்றில் ஒரு பெண்ணுக்கு முதல் நடுவர் 80, இரண்டாமவர் 78 என்றும், மற்றொரு பெண்ணுக்கு அவ்விருவரும் முறையே 82, 81 என்றும் அளித்தார்களென்று வைத்துக்கொள்வோம். இருவர் மனத்திலும் பின்னவளே சிறந்தவள். மூன்றாம் நடுவரோ கைதாராளமும் கைக்கடுமையும் ஒருங்கே உடையவர்; முன்னவளுக்கு 95, பின்னவளுக்கு 60 என்று போட்டுவிடுகிறார். கூட்டினால் 253-க்கு 223 என்று முன்னவள் வென்றுவிடுகிறாள்; அதாவது மூவரைக் கொண்ட சபையில் ஒருவரே தீர்ப்புச் சொன்னார், மற்ற இருவரும் அலங்காரமாக அமர்ந்திருந்தார்கள். மதிப்பெண்களைக் கூட்டாமல், ஒவ்வொரு நடுவரின் தாளிலிருந்தும் முதலிடம் இரண்டாமிடம் என்ற வரிசையை மட்டும் எடுத்துக் கூட்டினால் இந்த விபரீதம் நேராது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நடுவர்கள் கிடைப்பார்களானால், உச்ச மதிப்பெண்ணையும் நீச மதிப்பெண்ணையும் தள்ளிவிட்டு எஞ்சியவற்றுக்குச் சராசரி காண்பதும் போதும். எம்முறையானாலும் அது போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

நடுவரின் சீடப்பிள்ளை மேடைக்கு வரும்போது அவர் மதிப்பெண் இடாமல் ஒதுங்குவதும், பள்ளியின் பெயரை மறைத்துக் குறியெழுத்தால் மட்டும் அழைப்பதும் அனைவரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை.

நமது அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத்திருவிழா வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறுகிறது. அங்கெல்லாம் மதிப்பெண் தாளில் சுருதி, தாளம், பாவம் என்ற கட்டங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் விட்டு, பரிசு பெறாத பிள்ளையின் கைக்கும் அத்தாளின் நகலைக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தால், அதற்காகும் கூடுதல் செலவு சில கட்டுக் காகிதம்தான்; தம் கையெழுத்தோடு அந்த இரண்டு வரிகளை எழுதவேண்டுமென்று தெரிந்த நடுவரும் பேனாவைச் சற்று நிதானித்தே எடுப்பார்.